உப்புநீர்க் கரையில் உலோகம் தேடல்



சென்ற கோடை விடுமுறையில் இங்கிலாந்தின் கடற்கரையொன்றில் எம் அன்னையாரின் திருமண மோதிரம் மணலில் விழுந்து மறைந்தது. மறுநாள் தொடக்கநிலையினர்க்குரிய உலோகங் கண்டறியும் கருவியொன்றை இரவல் வாங்கிச் சென்றோம். உலர்மணலில் அமைதியாயிருந்த கருவி, ஈரமணலை அடைந்ததும் இடைவிடாது ஒலித்தது. ஒலித்த இடமெல்லாம் தோண்டினோம். மணலும் நீருமே கிடைத்தன. கருவி பழுதுற்றது என்று எண்ணினோம். பிழை கருவியில் இல்லை, எம் அறியாமையிலேயே இருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

இக்கருவியின் அடிப்படை, 1831ஆம் ஆண்டு மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலாகும். கருவியின் அடியிலுள்ள கம்பிச் சுருளில் ஆடலோட்ட மின்சாரம் பாயும்போது, அதனைச் சுற்றி மாறுகின்ற காந்தப்புலம் தோன்றுகிறது. அப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அவை தமக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, அதனை மற்றொரு சுருள் உணர்ந்து ஒலியாக அறிவிக்கிறது.

அங்ஙனமாயின் உலோகமே இல்லாத ஈரமணலில் கருவி ஒலிப்பதேன்? ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. ஆதலால் அது மின்சாரத்தைக் கடத்தும். செம்பு கடல்நீரைவிட ஒரு கோடி மடங்குக்கும் மேலாக மின்சாரத்தைக் கடத்துமாயினும், சுருளின் கீழ் உள்ள ஈரமணல் மிகப் பெரும் பரப்புடையது. எனவே அதன் மெல்லிய விடை கருவிக்கு உலோகத்தின் குரலாகவே தோன்றுகிறது. ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் எளிய கருவிகள் இவ்வகையில் எளிதில் ஏமாறுகின்றன. பல அதிர்வெண் கருவிகளும் துடிப்புத் தூண்டற் கருவிகளும் இக்குறையைப் பெரிதும் தவிர்ப்பன. ஆனால் அவற்றின் விலை அதிகம்.

எளிய கருவி உடையோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்.

1. அலை எட்டாத உலர்மணலிலேயே பயிற்சியைத் தொடங்குக.

2. ஈரமணலில் பொய்யொலி அடங்கும்வரை உணர்திறனைக் குறைத்திடுக. ஆழம் குறையும், ஆயினும் கேட்கும் ஒலி நம்பத்தக்கதாகும்.

3. சுருளை மணலுக்கு இணையாக, ஒரே உயரத்தில், மெதுவாக அசைத்திடுக. உயரம் மாறினால் உப்பின் விடையும் மாறும்.

4. நீர்க்கோட்டை நோக்கி நடவாது, அதன் நெடுகே நடந்திடுக. மணலின் ஈரம் ஓரளவு சீராயிருக்கும்.

5. உலோகம் பிரித்தறியும் அமைப்பை மிகுதியாக உயர்த்தற்க. அலுமினியத் தாளை ஒதுக்கும் கருவி மெல்லிய பொன் மோதிரத்தையும் உடன் ஒதுக்கிவிடும்.

6. தோண்டிய குழியை மூடுக. வீடு திரும்பியதும் சுருளை நன்னீரில் கழுவுக.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். நிலத்துக்குரியவரின் அனுமதியின்றித் தேடலாகாது. இங்கிலாந்தில், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையலெனக் கருதத்தக்கதை 14 நாட்களுக்குள் அறிவித்தல் கடன். உடைந்த கப்பல்களின் பொருள்களாயின் 28 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். போர்க்கால வெடிபொருள் போன்றதொன்றைக் கண்டால் தொடாது விலகி, 999 என்னும் எண்ணில் கரையோரக் காவற்படையை அழைத்திடுக.

இவற்றைக் கற்றபின் மீண்டும் சென்றோம். அன்று கருவி ஏழுமுறை மட்டுமே ஒலித்தது. ஏழு இடத்திலும் உலோகம் இருந்தது. ஒன்று மோதிரமே, ஆனால் எம்முடையதன்று. உள்ளே பிறரொருவரின் பெயரெழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. கடற்கரை அலுவலகத்தில் அதனை ஒப்படைத்தோம். இரு கிழமைகளில் உரியவர் வந்து பெற்றுக்கொண்டதாக அறிந்தோம்.

எம் அன்னையாரின் மோதிரம் இன்னும் கிடைக்கவில்லை. அதனை ஒருநாள் கண்டெடுப்பவரும் அவ்வாறே செய்வார் என்னும் நம்பிக்கை எமக்குண்டு. பொருளைக் காண்பது கருவியின் செயல். உரியவரைக் காண்பது மனிதரின் செயல்.