நிலம் பார்க்க ஐப்பசியில் வர வேண்டும்

பிழைப்புக்காக வெளியூரும் வெளிநாடும் போனவர்கள் ஊருக்கு வந்து போவது பெரும்பாலும் இரண்டு காலங்களில்தான். ஒன்று தைப் பொங்கல். மற்றொன்று பள்ளி விடுமுறை விடும் சித்திரை, வைகாசி. உறவினரைப் பார்ப்பதற்கு இவை தோதான மாதங்களே. ஆனால் குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் பக்கம் மனையோ தோட்டத்துடன் கூடிய வீடோ வாங்க நினைப்பவர்கள் அந்த மாதங்களில் வந்து பார்த்து முன்பணம் கொடுப்பது விவேகமல்ல. சித்திரை வெயிலில் எல்லா நிலமும் மேட்டு நிலம் போலவே காட்சி தரும். ஏரி உட்புறத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரவிய மனைக்கும், மலையடிவாரத்துச் சரளை மனைக்கும் அப்போது வேற்றுமை தெரியாது. அந்த வேற்றுமையை வெளிச்சம் போட்டுக் காட்டுவது புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும்தான்.

வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் தொடங்குவதற்கு வானிலைத் துறை கணக்கில் வைத்திருக்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. ஐப்பசி பிறப்பதும் ஏறத்தாழ அதே சமயம். ஆனால் சராசரி என்பது சராசரிதான். 2020ஆம் ஆண்டு மழை அக்டோபர் 28ல்தான் தொடங்கியது. 2024ல் அக்டோபர் 15லேயே தொடங்கிவிட்டது. ஆகவே விடுப்பு எடுத்து வருபவர்கள் இரண்டு நாள் கணக்குப் போடாமல், அக்டோபர் நடுவிலிருந்து மூன்று வாரமாவது தங்கும்படி வருவது சிலாக்கியம்.

மழை வரும் விதம் மாறுவதையும் கவனிக்க வேண்டும். புரட்டாசியில் பகல் முழுதும் புழுக்கம் தாங்காது. மாலையில் மேற்கே கருக்கல் கட்டி, இடியும் மின்னலுமாக ஒரு மணி நேரம் கொட்டி ஓய்ந்துவிடும். இது இடிமழை. பிறகு சில நாள் காற்று அடங்கிக் கிடக்கும். அதன்பின் காற்று திரும்பும். வங்கக் கடலைக் கடந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். அப்போது மழை மாலை நேரத்தை விட்டு, நள்ளிரவுக்குப் பின்னும் விடியற்காலையிலும் பெய்யப் பார்க்கும். காலையில் வேலைக்குப் புறப்படுவோர் தலையில் மழை விழ ஆரம்பித்தால் பருவம் மாறிவிட்டது என்று கடலோரத்தார் கணக்கு. சென்னைப் பகுதியின் ஆண்டு மழை உத்தேசமாக 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும்.

வெப்ப நாடுகள் பலவற்றில் இந்த மாற்றம் உண்டு. ஆஸ்திரேலியாவின் வடகோடியில் டார்வின் நகரத்தார் மழைக்கு முந்திய அக்டோபர், நவம்பர் புழுக்கத்துக்கென்றே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு மழை புதிதல்ல. ஆனால் அங்கே ஆண்டு முழுதும் பரவிப் பெய்கிறது. இங்கே பெரும்பகுதி மூன்று மாதத்துக்குள் கொட்டுகிறது. அதனால்தான் முதல் மழையில் நீர் ஓடும் தடம் இவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது.

குரோம்பேட்டையின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் தடத்தைப் படிக்க முடியாது. குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் இது. இன்று 2021ல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியில் அடங்கியது. ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் ஊரை இரண்டாகப் பிரிக்கின்றன. மேற்கே நாகல்கேணி, பம்மல், திருநீர்மலைப் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றை நாடுகிறது. கிழக்கே சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பின் ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடல். முன்னோர் ஏரிக்கு ஏரி கலங்கல் வைத்து இணைத்த சங்கிலி இது. சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டால் தண்ணீர் யார் வீட்டுக்குள் நுழைவது என்பதைத் தானே முடிவு செய்துகொள்ளும். பள்ளிக்கரணை 2022ல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது நல்ல செய்தி. ஆனால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்களின் மேல் எத்தனை மதில் சுவர்கள் நிற்கின்றன என்பது வேறு விஷயம்.

மண்ணும் இரண்டு வகை. பல்லாவரம் மலைப் பக்கம் செம்மையும் சரளையும் கலந்த பூமி. 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது பல்லாவரத்துச் சரளைப் பள்ளத்தில்தான். இந்த மண் மழையை உறிஞ்சிக்கொள்ளும். ஏரிகளை ஒட்டிய தாழ்வுகளில் களிமண். அங்கே தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். சோதித்துப் பார்ப்பது சுலபம். இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடியாக ஒரு குழி எடுத்துத் தண்ணீர் நிரப்ப வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் வற்றினால் நல்லது. மறுநாள் காலையிலும் தண்ணீர் கிடந்தால் அந்த இடத்தில் தென்னையோ மாவோ வைக்க மேடை கட்ட வேண்டியிருக்கும், வீட்டுக்கும் அப்படித்தான்.

முதல் கனமழை பெய்து ஓய்ந்த அரை மணிக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு மனையைச் சுற்றி நடக்க வேண்டும். தரகர் கூட வராவிட்டால் மேலும் நல்லது. தண்ணீர் எந்த மூலையில் நுழைகிறது, எந்த மூலையில் வெளியேறுகிறது, வெளியேறும் இடத்தில் வழி இருக்கிறதா, பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் ஓடி வந்து நடுவில் நின்றால் விலை எவ்வளவு சகாயமானாலும் யோசிக்க வேண்டிய இடம் அது. தெருவிலுள்ள பழைய மதில்களில் பழுப்புக் கோடு தென்படுகிறதா என்று கவனிப்பதும் அவசியம். வெள்ளம் போட்ட கோடு சுண்ணாம்பு அடித்தாலும் உப்புப் பூத்து மீண்டும் தலைகாட்டும். வேலியோரத்துச் செடிகளும் சாட்சி சொல்லும். ஆவாரையும் எருக்கும் மேட்டு நிலத்தின் அடையாளம். கோரை, சம்பு, நெய்வேலிக் காட்டாமணக்கு தழைத்திருந்தால் அங்கே தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும் என்று அறியலாம். இரவில் தவளைச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டாலே பள்ளம் எங்கே என்பது புரிந்துவிடும்.

வில்லங்கச் சான்று இவை ஒன்றையும் சொல்லாது. கிராமத்துப் புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்த்து, பக்கத்துச் சர்வே எண்கள் ஏரி, வாய்க்கால் புறம்போக்கு என்று உள்ளனவா எனத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்ப் பெயரில் தாங்கல் என்று இருந்தால் அது ஒரு காலத்தில் சிற்றேரி. மழையில் கண்ட தடமும் வரைபடத்து வாய்க்காலும் ஒன்றாக இருந்தால், தண்ணீர் பழைய பட்டாவை இன்னும் விட்டுக் கொடுக்கவில்லை என்று பொருள்.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையின் மேல் மட்டும் விழுந்த தண்ணீர் ஏறத்தாழ 1,09,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்பது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று வெள்ளம் வீடுகளை மூழ்கடித்தது. மீனம்பாக்கம் விமான நிலையமே ஓடுபாதையில் நீர் புகுந்து பல நாள் மூடிக் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் திரும்பும் பயணச் சீட்டில் நாலைந்து நாள் தாராளம் வைத்துக்கொள்ள வேண்டியது இதனால்தான். நவம்பர் கடைசியும் டிசம்பர் முதல் வாரமும் புயல் காலம். நிலம் பார்க்க அது ஏற்றதல்ல.

அதே மழை சேமிக்கத் தெரிந்தவனுக்கு அனுகூலம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். ஆனால் பல வீடுகளில் குழாய் இருக்கிறது, குழி தூர்ந்து கிடக்கிறது. வருபவர்கள் ஐப்பசி பிறக்குமுன் மாடியைப் பெருக்கி, குழியிலுள்ள ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவிப் போட ஏற்பாடு செய்யலாம். வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டில் வேறு யார் செய்யப் போகிறார்கள்?

ஊருக்கு வந்த உற்சாகத்தில் முதல் மழையிலேயே தென்னம்பிள்ளை நடுவது பலரின் வழக்கம். மூன்றடிக் குழி அடைமழையில் கிணறாகிவிடும், பிள்ளை அழுகும். இந்தப் பக்கத்தில் குழியை மட்டும் எடுத்து வைத்து, கனமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ நடுவது நல்லது. பப்பாளி ஓரிரு நாள் நீர் தேங்கினாலும் செத்துவிடும். மேட்டுப் பாத்தி அவசியம். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இருக்கும் தென்னைக்குக் குருத்தழுகல் வராமல், மழைக்கு முன்பே ஒரு சத போர்டோக் கலவையைக் குருத்தில் ஊற்றுவது நன்று.

வெளிநாட்டிலிருந்து விதையும் பதியனும் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். 2003ஆம் ஆண்டு ஆணைப்படி அனுமதியும் தாவர நலச் சான்றும் தேவை; இதற்கான மத்திய அரசு நிலையம் மீனம்பாக்கத்திலேயே உள்ளது. அயல்நாட்டைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008ல் கோவையில் தலைகாட்டிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி விவசாயிகளைப் படாதபாடு படுத்தியது. 2010ல் ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்ட பிறகே அடங்கியது. தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016ல் பொள்ளாச்சியில் தோன்றி இன்னும் தொல்லை தருகிறது.

தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. எலிக் காய்ச்சலும், திறந்து கிடக்கும் சாக்கடைக் குழியும், மேடு தேடி வரும் பாம்பும் மனை விலையைவிடப் பெரிய நஷ்டம் தரக்கூடியவை.

கிணற்று நீரைச் சோதிக்காமல் கிரயம் முடிக்கவும் கூடாது. தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடந்த வட்டாரம் ஆதலால், உப்போடு குரோமியத்தின் அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். முதல் மாதிரியை மழைக்கு முன், புரட்டாசியிலேயே எடுப்பது நல்லது. மழை நீர் கலந்த பிறகு எந்தக் கிணறும் சற்றே நல்ல கிணறாகத் தெரியும். இரண்டாவது மாதிரியைத் தையில் எடுக்கலாம். ஊரில் உள்ள தம்பியோ மைத்துனரோ அதே கிணற்றில், அன்றைய நீர்மட்டத்தையும் அளந்து எழுதி அனுப்பினால் போதும். அதற்காகத் திரும்பவும் வர வேண்டியதில்லை.