நள்ளிரவில் வரும் பூங்கரகம்

பெங்களூருவின் தென்பகுதியில் உள்ள எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தமிழ்நாட்டிலிருந்து பல குடும்பங்கள் வேலை நாடி வந்துள்ளன. தமிழ் நிலத்திலிருந்து இந்நகருக்கு முதலில் குடிபெயர்ந்தவர்கள் இவர்கள் அல்லர். கணினிக்கு நெடுங்காலம் முன்பே, தோட்டத்தொழில் அறிந்த மக்கள் இங்கு வந்து குடியேறினர். அவர்கள் வழிவந்தோர் ஆண்டுதோறும் நடத்தும் இரவுத் திருவிழாவே பெங்களூரு கரகம்.

அம்மக்கள் திகளர் எனப்படுவர். பழைய கன்னட வழக்கில் அச்சொல் தமிழரைக் குறித்தது. ஏரிக்கரைகளில் பூவும் காய்கனியும் விளைவிப்பது அவர்களது தொழில். ஐதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக் தோட்டத்தின் வளர்ச்சியிலும் அவர்களுடைய உழைப்பு உண்டு.

திகளரின் குலதெய்வம் திரௌபதி. பாண்டவர் மண்ணுலகை நீங்கிச் சென்றபோது, வழியில் திரௌபதி மயங்கி விழுந்தாள் என்றும், கண்விழித்த அவளைத் திமிராசுரன் என்னும் அரக்கன் எதிர்த்தான் என்றும் அவர்கள் கூறுவர். திமிரம் என்பதற்கு இருள் என்பது பொருள். திரௌபதி சக்தி வடிவம் கொண்டு வீரகுமாரர்களைப் படைத்தாள். அவர்கள் அரக்கனை வென்றனர். பிரிய மனமில்லாத அவ்வீரர்களுக்கு, ஆண்டுதோறும் சில நாள் திரும்பி வருவதாக அவள் வாக்களித்தாள். அவ்வருகையே கரகம்.

சைத்ர மாதப் பௌர்ணமி, தமிழ் மாதக் கணக்கில் பங்குனியிலோ சித்திரையிலோ அமையும். அன்றிரவு திகளர்பேட்டை தர்மராயர் கோயில் முன் மக்கள் கூடி விழித்திருப்பர். நள்ளிரவுக்குப் பின் கரகம் புறப்படும். அதனைச் சுமப்பவர் ஓர் ஆண்மகன். பல நாள் நோன்பிருந்தவர். அன்று அவர் வளையலும் மல்லிகையும் அணிந்து பெண்கோலம் பூண்டிருப்பார். மல்லிகையால் கோபுரம்போல் உயர்ந்த கரகம் அவர் தலைமேல் நிற்கும். கைகள் அதனைத் தொடா. உருவிய வாளேந்திய வீரகுமாரர்கள் “கோவிந்தா, கோவிந்தா” என முழங்கி உடன் செல்வர். மக்கள் மல்லிகை மலர்களைத் தூவி வரவேற்பர்.

கரகம் பேட்டைத் தெருக்களைச் சுற்றிவரும்போது, காட்டன்பேட்டையில் உள்ள தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று செல்லும். இசுலாமியப் பெரியவர் ஒருவரின் அடக்கத்தலம் அது. திரௌபதியின் கரகம் அங்கு நில்லாமல் திருவிழா நிறைவு பெறுவதில்லை. விடியும் வேளையில் கரகம் கோயிலுக்குத் திரும்பும்.

பௌர்ணமி இரவுக்கு முன்பே ‘பச்சைக் கரகம்’ சம்பங்கி ஏரியிலிருந்து எடுத்து வரப்படும். இன்று அவ்வேரி இல்லை. அவ்விடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. ஆயினும் எஞ்சிய சிறு குளத்திற்கு மக்கள் இன்றும் செல்கின்றனர். நீரால் வாழ்ந்த குடியினர் ஏரி மறைந்த பின்னும் அதனை மறக்கவில்லை.

கரகம் என்னும் சொல்லும் தமிழுக்குப் பழமையானது. தொல்காப்பியத்தில் அது நீர்க்கலத்தைக் குறிக்கிறது. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் இன்றும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கதை கேட்டுத் தீமிதிக்கின்றனர். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அருகில் உள்ள ஆனேக்கல்லிலும் கரகம் எடுக்கப்படுகிறது. புலம்பெயர்ந்தோர் தம் தெய்வத்தையும் கதையையும் உடன் கொண்டுவந்தனர். காலப்போக்கில் கன்னடம் பேசும் அயலாரும் இசுலாமிய அயலாரும் அத்திருவிழாவில் பங்குகொண்டனர். இன்று அது பெங்களூரு நகரம் முழுமைக்கும் உரிய விழாவாகத் திகழ்கிறது.

அருஞ்சொற்பொருள்
குலதெய்வம் – குடிவழியினர் வழிபடும் தெய்வம்
நோன்பு – விரதம்
அயலார் – அண்டை வீட்டார், அருகில் வாழ்வோர்
எஞ்சிய – மீதமுள்ள

பயிற்சி
1. திகளரின் தொழில் யாது? அத்தொழிலுக்கும் ஏரிக்கும் உள்ள தொடர்பு என்ன?
2. வீரகுமாரர்களுக்குத் திரௌபதி அளித்த வாக்கு யாது?
3. ஏரி மறைந்த பின்னும் மக்கள் அவ்விடத்திற்குச் செல்வது ஏன்? உம் கருத்தை எழுதுக.
4. உம் சொந்த ஊரில் இரவில் நடைபெறும் திருவிழா ஒன்றைப் பற்றிப் பாட்டி, தாத்தாவிடமோ பெற்றோரிடமோ கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.