பெட்டிகளின் வரிசையும் பிழை காணும் முறையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முன்னுரை

கணினித் திரையில் ஒரு செங்கல் சுவரைக் காட்ட இரு வழிகள் உண்டு. சுவரைப் புகைப்படம் எடுத்து ஒட்டுவது ஒன்று. அதன் தோற்றத்தைக் கணக்காலேயே உண்டாக்குவது மற்றொன்று. இரண்டாம் வழியில் நேரும் பிழைகளைக் கண்டறியும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

வரலாறு

விதிகளால் உருவம் படைப்பது நமக்குப் புதிதன்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியோரும் வாசற்கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். 1984-இல் ராபர்ட் குக், ஒரு பொருளின் நிறத்தையும் ஒளியையும் சிறுசிறு செயல்களின் மரமாக அமைக்கலாம் என்று காட்டினார். 1985-இல் கென் பெர்லின், மேகம், பளிங்கு போன்ற ஒழுங்கற்ற தோற்றங்களைத் தரும் ‘நாய்ஸ்’ என்னும் சார்பை வெளியிட்டார். அதற்காக 1997-இல் ஆஸ்கர் குழுவின் தொழில்நுட்ப விருது பெற்றார்.

இன்று பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் ஒவ்வொரு செயலும் ‘நோட்’ எனப்படும் ஒரு பெட்டி. பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்தால் தோற்றம் பிறக்கும்.

வரிசை ஏன் முக்கியம்?

என் தந்தை அண்ணனூரில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. பட்டி வைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்பின்பே பெயிண்ட். பெயிண்டுக்குப் பின் பட்டி வைத்தால் பொருள்கள் அவையே, சுவர்தான் வேறு. பெட்டிகளும் அவ்வாறே.

மூன்று பிழைகள்

எங்கள் தெருவில் உள்ளது போன்ற, பூசாத, பாசி படிந்த செங்கல் சுவர் ஒன்றை உருவாக்குவதாகக் கொள்வோம்.

1. கற்கள் சாய்ந்து நசுங்குதல்: (1, 0) என்னும் புள்ளியை எடுத்துக்கொள்க. கிடைத்திசையில் இருமடங்காக்கினால் (2, 0). பின் 90 பாகை சுழற்றினால் (0, 2). முதலில் சுழற்றினாலோ (0, 1). பின் கிடைத்திசையில் இருமடங்காக்கினாலும் அதே (0, 1). மேப்பிங் பெட்டி, ‘பாயிண்ட்’ வகையில், முதலில் அளவையும் பிறகு சுழற்சியையும் அதன்பின் இடப்பெயர்ச்சியையும் செய்கிறது. சுழற்சி முதலில் வேண்டுமாயின் இரண்டு மேப்பிங் பெட்டிகளை அடுத்தடுத்து வைக்க வேண்டும்.

2. பாசி சாம்பலாகத் தெரிதல்: ஓரிடத்தில் இரு நாய்ஸ் மதிப்புகள் 0.3, 0.6 என்க. 0.5-க்குக் கீழ் கருப்பு, மேல் வெள்ளை என்று கலர் ராம்ப் பிரிக்கட்டும். முதலில் பிரித்துப் பின் சராசரி கண்டால் 0-உம் 1-உம் சேர்ந்து 0.5, அதாவது சாம்பல். முதலில் சராசரி கண்டால் 0.45; பிரித்தபின் தெளிவான கருப்பு. கூரான விளிம்பு வேண்டுமாயின் கலப்பது முன், பிரிப்பது பின்.

3. ஒளி தாறுமாறாக விழுதல்: நாய்ஸ் தருவது மேடு பள்ளத்தின் உயரம் மட்டுமே. ‘நார்மல்’ துளை கேட்பதோ திசை. இடையில் பம்ப் பெட்டியை வைத்து, அதன் உயரத் துளையில் நாய்ஸை இணைத்தால்தான் உயரம் திசையாக மாறும்.

பிழை காணும் முறை

தோற்றம் கெட்டவுடன் எண்களை மாற்றிப் பார்ப்பதே பலரின் வழக்கம். வரிசை தவறாயின் எந்த எண்ணும் அதைத் திருத்தாது. ஆகவே, இடக்கோடியில் தொடங்கி ஒவ்வொரு பெட்டியின் விளைவையும் தனியே திரையில் காண்க. நோட் ராங்கிளர் என்னும் துணைக்கருவியை இயக்கி, கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளை அழுத்தியபடி பெட்டியைச் சொடுக்கினால் அது தெரியும். எதில் முதன்முதலாகத் தோற்றம் கெடுகிறதோ அங்கேதான் பிழை. அதற்குப் பின் தெரியும் கோளாறுகள் அதன் விளைவாகவே இருக்கலாம். ஒரு பெட்டியைத் தற்காலிகமாக நிறுத்த ‘எம்’ விசை போதும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்க.

முடிவுரை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் வகுப்பில் என்னைப் போன்றோர் பலர். பாடத்தில் ஐயம் வந்தால் கேட்க வீட்டில் ஆளில்லை. கட்டணப் பயிற்சிக்குச் செல்ல வசதியில்லை. ஆனால், இக்கலைக்கு அடிப்படை நம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது: அணிப் பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறும், சார்புகளின் சேர்க்கையிலும் அப்படியே. தேர்வுக்கு மட்டும் என்று நாம் எண்ணும் பாடம் ஒரு தொழிலுக்கும் வழிகாட்டுகிறது. மென்பொருள் இலவசம், ஆய்வகத்தில் கணினி உண்டு. நண்பர்களே, ஒரு சுவரை எழுப்பிப் பாருங்கள்!