நோக்கர் என்னும் சொல்

'அப்சர்வர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் வினையொன்றாகும். கவனித்தல், காத்தல், வழுவாது பின்பற்றுதல் ஆகிய பொருள்கள் அவ்வினைக்கு உண்டு. நோன்பு நோற்பவரையும் வானைக் கவனிப்பவரையும் ஆங்கிலம் ஒரே சொல்லாற் சுட்டுவது இதனாலேயே. தமிழில் அவ்வாறு இயலாது. தேர்தல் ஆணையம் அனுப்பும் அலுவலர் 'பார்வையாளர்' எனப்படுகிறார். 1949-இல் காஷ்மீர்ப் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கச் சென்ற ஐக்கிய நாடுகள் குழுவினரும் அவ்வாறே. ஆனால் நாடகம் காண்போரும் பார்வையாளரே ஆதலின், அளவெடுப்பவர்க்கு 'நோக்கர்' என்பதே ஏற்றது.

வானிலை நிலையத்தில் காலை 8.30 மணிக்கு அளவெடுக்கும் நோக்கர் வெறுமனே காண்பவர் அல்லர். வெப்பமானியின் திரவ மட்டத்திற்கு மேலாகக் கண்ணை வைத்தால் அளவு மிகும். தாழ வைத்தால் குறையும். அருகில் நெடுநேரம் நின்றால் உடற்சூடும் மூச்சும் திரவத்தை உயர்த்திவிடும். ஆகவே முதலில் பாகையின் பத்திலொரு கூறுகளையும், பின்னரே முழுப் பாகையையும் படித்தல் வழக்கம். மழையளவுக் குவளையில் நீரின் வளைந்த பரப்பினது அடிமட்டத்தையே கொள்ளவேண்டும். ஒருநாள் அளவு தவறினால், மறுநாள் கண்ட நீர் இருநாள் மழையெனக் குறிக்கப்படும்; ஊகித்துப் பங்கிட்டெழுதிய எண் வெற்றிடத்தினும் கேடானது, பின்னாளில் அதை எவராலும் பிரித்தறிய முடியாது.

கவனம் ஒன்றே போதுமோ எனின், போதாது. 1796-இல் கிரீனிச் வானாய்வகத் தலைவர் மாஸ்கலின், விண்மீன் கடக்கும் நேரத்தைத் தம்மினும் ஏறத்தாழ 0.8 விநாடி பிந்திக் குறித்தார் என்று கின்னெபுரூக் என்னும் உதவியாளரைப் பணிநீக்கினார். கால் நூற்றாண்டுக்குப் பின் ஜெர்மானிய வானியலறிஞர் பெஸ்ஸல் ஆராய்ந்தபோதுதான், தேர்ந்த நோக்கர்களும் தமக்குள் ஒரு நிலையான அளவு வேறுபடுவர் என்பது புலனாயிற்று. உதவியாளர்க்கு அது பயன்படவில்லை.

இயற்பியற் பாடத்தில் இச்சொல் மேலும் இடர் தரும். ஐன்ஸ்டைன் 1905-இல் வெளியிட்ட சார்பியலில், நோக்கர் என்பது கண்ணுடைய மனிதரைவிட, ஒத்தியங்கும் கடிகாரங்களும் அளவுகோல்களும் கொண்ட அமைப்பையே குறிக்கும்; ஒளி வந்துசேரும் நேரத்தைக் கழித்த பின்னரே நிகழ்ச்சியின் காலம் கணிக்கப்படும். குவாண்டம் இயலிலோ நோக்கர்க்கு உயிரும் வேண்டுவதில்லை. மனித மனமே துகளின் நிலையை முடிவுசெய்கிறது என மாணவர் எண்ணுவதுண்டு. ஒளிப்படத் தட்டில் எலெக்ட்ரான் ஒரு புள்ளியைப் பதித்துவிட்டால், அத்தட்டை எவரும் எடுத்துப் பாராவிடினும் அளவீடு நிகழ்ந்துவிட்டதென்றே இயற்பியலாளரிற் பெரும்பாலோர் கொள்வர்.