ஆங்கிலப் பொதுப்பெயர்: பிழையின்றி எழுதச் சில குறிப்புகள்

குறிப்பிட்ட ஒரு மனிதரையோ ஊரையோ சுட்டாமல், அவ்வினம் முழுவதற்கும் உரியனவாய் வழங்கும் 'டீச்சர்', 'சிட்டி', 'ரிவர்' போன்ற சொற்களே ஆங்கில இலக்கணத்தில் 'காமன் நவுன்' எனப்படும் பொதுப்பெயர்கள்; ஆங்கிலத்தில் விண்ணப்பமோ கடிதமோ எழுத நேரும் சந்தர்ப்பங்களில் அவற்றிற்குரிய பின்வரும் விதிகளை நினைவிற்கொள்வது மிகவும் பிரயோஜனமாகும்.

• வாக்கியத்தின் ஆரம்பத்தில் வந்தாலன்றி, பொதுப்பெயரின் முதலெழுத்தைச் சிறிய எழுத்தாகவே எழுதுக. 'ரிவர்' தனித்து வருகையில் சிறிய 'ஆர்'. நதியின் பெயரோடு கூடி 'ரிவர் தேம்ஸ்' என்றாகும்போது பெரிய 'ஆர்'.

• எண்ணக்கூடிய பொருளின் பெயர் ஒருமையில் வரும்போது, அதன் முன் 'ஏ', 'தி', 'மை' போன்றதொரு சொல் பொதுவாக அவசியம். தமிழில் இந்நியதி இல்லாமையால், 'ஐ ஆம் டீச்சர்' என்று எழுதிவிடுவது நம்மவர்க்கு எளிதில் நேரும் பிழை; 'ஐ ஆம் ஏ டீச்சர்' என்பதே சரி.

• 'ஏ' வருமா, 'ஆன்' வருமா என்பதை நிர்ணயிப்பது எழுத்தன்று, உச்சரிப்பே. முதலிலுள்ள 'எச்' ஒலியாமையால் 'ஆன் அவர்' (ஒரு மணி நேரம்). 'யு' என்னும் எழுத்தில் தொடங்கினும் யகர ஒலி எழுவதால் 'ஏ யூனிவர்சிட்டி'.

• 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்' ஆகியவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை. ஆகவே பன்மைக்கென 'எஸ்' சேர்ப்பதும், முன்னால் 'ஏ' வைப்பதும் தவறு. எண்ணிக்கை கூறவேண்டின், 'டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்' என்க.

• ஓர் இனத்தைப் பற்றிப் பொதுவாகக் கூறுகையில், 'தி' இல்லாத பன்மையே போதும்: 'டாக்ஸ் பார்க்' (நாய்கள் குரைக்கும்).