வெள்ளை வேட்டியோடு பழைய கார் பார்க்கப் போகாதீர்கள்

எட்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். ஓரமாக ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கியைப் போட்டுச் சுற்ற ஆரம்பித்தேன். ஜாக்கி ஏறியது. கார் ஏறவில்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஜாக்கியின் தலை, கதவுக்குக் கீழே ஓடும் படித்தகரத்தைப் பொத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. பின் சீட்டில் கிடந்த டார்ச்சை எடுக்கலாம் என்று கதவை இழுத்தால் கதவு திறக்கவில்லை. நிலைவாசல் கோணிய வீட்டில் கதவு பிடித்துக்கொள்ளுமே, அந்தப் பிடி.

மேலேயிருந்து இறங்கிய பஸ்காரர் வேகத்தைக் குறைத்து, "என்னங்க, கார் உக்காந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

1994 மாடல் பிரீமியர் பத்மினி. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் காபி இருக்கிறது. சில்வர் ஓக்கில் ஏற்றிவிட்ட மிளகு அந்த வருஷம் நன்றாகக் கொடுத்தது. பணம் கைக்கு வந்ததும் வாங்கினேன். என் அப்பா ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். முதலாளியின் ஃபியட் களத்தில் வந்து நின்றால் கண்ணாடி துடைக்கிற சாக்கில் நான் போய் நிற்பேன். ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். டிரைவர் அதை இழுத்துத் தள்ளும் அழகைப் பார்த்தே வளர்ந்தவன் நான். என் மச்சினனுக்கு இதெல்லாம் புரியாது. "மாமா, அந்தக் காசுக்கு நல்ல ஆல்ட்டோ வரும். ஏசி இருக்கும்" என்றான். ஏற்காட்டில் ஏசி எதற்கு என்று நான் கேட்டதற்கு இன்றுவரை அவனிடம் பதில் இல்லை.

சேலத்தில் ஒரு புரோக்கர் காட்டினார். கார் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது என்றார். கடற்கரை ஊர் என்றதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும்; உறைக்கவில்லை. பாலாடை நிறத்தில் பெயின்ட், முகம் பார்க்கலாம். நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை என்று காட்டிக்கொள்ள என்ஜினிலேயே இரண்டு மணி நேரம் செலவழித்தேன். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், புகை பார்த்தேன், ஓமலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். 1089 சிசி, நாலு சிலிண்டர், தையல் மெஷின் மாதிரிச் சத்தம். வண்டிக்கு அடியில் மட்டும் படுத்துப் பார்க்கவில்லை. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். நல்ல நாள் என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். குனிந்து பார்த்த மட்டில் அடிப்பக்கம் கருகருவென்று புதிதாக அண்டர்கோட்டிங் அடித்திருந்தது. பொறுப்பான ஓனர் என்று மனசுக்குள் பாராட்டினேன். ஒரு லட்சத்து இருபதாயிரம் எண்ணிக் கொடுத்தேன்.

பழைய கார் அடியில் புதுக் கறுப்பு அடித்திருந்தால் எதையோ மூடியிருக்கிறார்கள். உள்ளே புது மேட் பசை போட்டு ஒட்டியிருந்தாலும் அதே கதைதான்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் எஸ்டேட் ஜீப்புக்குக் கீழே ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். அதன்மேல் உடம்பைத் தூக்கி வைத்திருப்பார்கள். மேல்தகரம் எல்லாம் இற்றுப்போனாலும் ஜீப் ஓடும். சென்னையில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் அப்படித் தனிச் சட்டம் உண்டு. ஃபியட் 1100க்குக் கிடையாது. உடம்பேதான் சட்டம். தரைத்தகடு, கதவுக்குக் கீழ் இரண்டு பக்கமும் ஓடும் படி, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. பம்பாய் குர்லாவில் 1964இல் 1100 டிலைட் என்று வந்ததும், பின்னால் பத்மினி என்று பெயர் மாறியதும் (ராணி பத்மினி பேர்தான், எங்கள் ஊரில் பாதிப் பேர் நடிகை பத்மினி என்றே நினைத்தார்கள்) எல்லாம் இந்தக் கட்டுமானமே. படி இற்றுவிட்டால் அந்தக் காருக்கு முதுகெலும்பு போய்விட்டது. ஆனாலும் ஓடும், அதுதான் மோசம். தட்டையான ரோட்டில் ஒன்றுமே தெரியாது.

என் காரைப் பட்டறையில் விட்டதும் டிங்கர் மேஸ்திரி ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் படியில் குத்தினார். கைப்பிடி வரை போனது. பிறகு உளியால் நெம்பி எடுத்தார். முதலில் பெயின்ட், அதற்குள் விரல் கனத்துக்குப் பட்டி, பட்டிக்குப் பின்னால் சாக்குத்துணி, அதற்கும் பின்னால் சுருட்டித் திணித்த செய்தித்தாள். ஈரத்தில் ஊறி வடை மாதிரி இருந்தது. பிரித்துப் பார்த்தார். 2017 மார்ச் என்று தேதி தெரிந்தது. "பாத்தீங்களா, அஞ்சாறு வருஷமா பேப்பர்லதாங்க ஓடியிருக்குது" என்றார். எனக்கு விற்றவர் 2020இல்தான் வாங்கியவர். அவரும் ஏமாந்திருக்கலாம் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். அண்டர்கோட்டிங் 2017இல் அடித்தது இல்லையே! அதன் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

வேலை இரண்டரை மாதம். படியை வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குள் குறுக்கே ஆங்கிள் வைத்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டியதும் நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் எந்தக் கதவும் மூடாது. இதைச் செய்யாமல் "ரெண்டு நாள்ல பேட்ச் போட்டுத் தர்றேன்" என்று ஒருவர் சொன்னார். அவரிடம் கொடுக்காததுதான் இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். செலவு ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம். கார் விலையைவிட அதிகம். மச்சினன் இந்தக் கணக்கை ஒவ்வொரு விசேஷத்திலும் கூட்டிச் சொல்கிறான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். லுங்கி கட்டிக்கொண்டு போங்கள். சொந்த ஜாக்கியைக் கொண்டு போங்கள். பணம் பேசுவதற்கு முன்னால் ஒரு பக்கம் ஜாக்கி போட்டுச் சக்கரம் தரையை விடும் வரை தூக்குங்கள். அப்படியே நாலு கதவையும் திறந்து மூடுங்கள். நல்ல உடம்பாக இருந்தால் தரையில் நிற்கும்போது எப்படி மூடியதோ அப்படியே மூடும். பிடித்தால், உரசினால், கதவின் மேல்விளிம்பில் இடைவெளி மாறினால் வணக்கம் சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள். பீரோவில் ஒட்டுகிற காந்தத்தைத் துணியில் சுற்றிப் படியோரமாக நகர்த்துங்கள். பட்டி இருக்கிற இடத்தில் வழுக்கி விழும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும், பாட்டரிக்குக் கீழேயும் பாருங்கள்.

என்னிடம் யாராவது கேட்டால், என்ஜின் செத்த காரை வாங்கு, உடம்பு செத்த காரை வாங்காதே என்பேன். என்ஜின் சாமான் தேடினால் கிடைக்கிறது. லேத்தில் கடைந்தும் வாங்கலாம். மும்பையில் கடைசி பத்மினி டாக்சியே 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. புதுக் கதவுக்கும் தரைத்தகட்டுக்கும் எங்கே போவீர்கள்?

காகித விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆர்.சி.யில் உள்ள என்ஜின், சேசிஸ் நம்பரை வண்டியில் பென்சிலால் தேய்த்து ஒத்துப் பாருங்கள். பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் ஐந்தைந்து வருஷமாகத்தான் புதுப்பித்துத் தருவார்கள்; எது வரை இருக்கிறது என்று பாருங்கள். இருபது வயசு தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். "விண்டேஜ்ல போட்டுக்கலாங்க, ஒரு தொல்லையும் இல்ல" என்று எனக்கு அந்தப் புரோக்கர் சொன்னார். 2021இல் வந்த அந்த விதி ஐம்பது வயசு தாண்டிய வண்டிக்கு. என் காருக்கு அது 2044இல் வரும். நான் இருந்தால் போடுகிறேன்.

நம் மலைக்கு வருவோம். சேலத்தில் ட்யூன் செய்த கார்புரேட்டர் ஏற்காட்டில் ஒத்துவராது. ஐயாயிரம் அடியில் காற்று மெலிசு, பெட்ரோல் அதிகமாகிவிடும். கரும்புகை வரும், பிளக் கறுக்கும். மேலே கொண்டுவந்து வைத்து இங்கேயே ட்யூன் பண்ணச் சொல்லுங்கள். பனிமூட்டக் காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பாட்டரியைத் திட்டாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே காய்ந்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். டேங்கைப் பாதியாக வைத்திருக்காதீர்கள், ஈரம் உள்ளே தண்ணீராக இறங்கும். இப்போது பங்கில் வருவது இருபது சதம் எத்தனால் கலந்தது. அது தண்ணீரையும் இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப்பின் டயஃப்ரத்தையும் ஊறவைத்து இளக்கும். வாங்கின வாரமே ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் மாட்டினால் என்ஜின் சூட்டில் பெட்ரோல் பம்ப்பிலேயே ஆவியாகி லாக் ஆகும். பேனட்டைத் திறந்து ஈரத்துணியை பம்ப்பின்மேல் சுற்றிப் பத்து நிமிஷம் நில்லுங்கள். அதற்கென்று என் டிக்கியில் ஒரு துணி இருக்கிறது. அந்த வெள்ளை வேட்டியைக் கிழித்ததுதான்.

இறங்கும்போது இரண்டாவது கியர், சில இடத்தில் முதல் கியர். என் காரில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. இருபது வளைவிலும் பிரேக்கை மிதித்தே இறங்கினால் அடிவாரம் வருவதற்குள் லைனிங் கருகுகிற நாற்றம் வரும். அதற்கப்புறம் மிதித்தால் கட்டையை மிதிப்பது போல இருக்கும், வண்டி நிற்காது. நாலு சக்கரத்தின் வீல் சிலிண்டரையும் கழற்றிப் பார்க்காமல் பழைய காரை மலையில் இறக்கவே கூடாது. பின்னால் ஹாரன் அடிக்கிற பெங்களூர்க்காரருக்காக வேகம் எடுக்காதீர்கள். ஒதுங்கி வழி விடுங்கள், போகட்டும்.

ராத்திரியில் களத்து ஷெட்டில் நிறுத்துங்கள். காபி காயும் மாதங்களில் இடம் இருக்காது என்பது தெரியும். மூட்டையை வேண்டுமானால் தள்ளி அடுக்கலாம். நான் தள்ளித்தான் அடுக்கியிருக்கிறேன். இதிலும் வீட்டில் ஒரு சண்டை வந்தது.

போன மாதம் மச்சினன் போன் செய்தான். மகள் வண்டி பழகுவதற்கு ஒரு பழைய மாருதி 800 பார்க்கிறானாம். "நீங்க சும்மா வந்து ஒரு பார்வை பாருங்க மாமா" என்றான். சும்மாவா! லுங்கியோடு ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு அம்மாப்பேட்டைக்கு இறங்கினேன். அவன் வெள்ளைப் பேன்ட்டில் வந்திருந்தான். சிவப்புக் கார், பளபள. நான் ஜாக்கியைக் கீழே வைத்ததும் விற்கிறவர் முகம் மாறிவிட்டது.

"கார் வாங்க வந்தீங்களா, பஞ்சர் ஒட்ட வந்தீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. மச்சினனைப் பார்த்தேன். அவன் காரைப் பார்த்தான், ஜாக்கியைப் பார்த்தான், தன் பேன்ட்டைப் பார்த்தான். பிறகு முழங்காலைத் தரையில் ஊன்றி, செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, மெதுவாக வண்டிக்கு அடியில் தலையை விட்டான்.

"மாமா," குரல் மட்டும் வெளியே வந்தது, "இங்க புதுசா கறுப்பு அடிச்சிருக்கு."