மூன்று கோப்பையும் சில கட்டுக்கதைகளும்

1998-99 பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட் ஆடியது மொத்தம் 63 ஆட்டங்கள். ரசிகர்கள் மனதில் தங்கியதோ கடைசி ஆட்டத்தின் கடைசி மூன்று நிமிடம்தான். 1999 மே 26, பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானம். 90 நிமிடம் முடிந்தபோது பயர்ன் மியூனிக் 1-0 என்று முன்னால் நின்றது. இஞ்சுரி டைமில் டேவிட் பெக்கம் இரண்டு கார்னர் அடித்தார். முதலாவதில் டெடி ஷெரிங்கம் கோல் போட்டார், அடுத்ததில் ஓலே குன்னர் சோல்ஷார். பிரீமியர் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் ஒரே கிளப்புக்கு வந்து சேர்ந்தன. இப்படி ஒரு முடிவு வாய்த்துவிட்டால், அதற்கு முந்தைய பத்து மாதக் கதையையும் ஆளாளுக்குத் திருத்திச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

எதிரில் வந்தவர்களையெல்லாம் வாரிச் சுருட்டிய அணி என்பது அப்படித் திருத்தப்பட்ட கதைகளில் முதன்மையானது. பருவத்தின் தொடக்கமே அடி. ஆகஸ்டில் சாரிட்டி ஷீல்டு ஆட்டத்தில் ஆர்சனலிடம் 3-0. செப்டம்பரில் லீக்கிலும் அதே ஆர்சனலிடம் அதே 3-0. டிசம்பரில் லீக் கோப்பையை விட்டு டாட்டன்ஹாம் வெளியேற்றியது. ஆக, அவர்கள் இறங்கிய கோப்பைகள் எல்லாவற்றையும் வென்றார்கள் என்பதும் சரியில்லை. டிசம்பர் 19 அன்று சொந்த மைதானத்தில் மிடில்ஸ்பரோவிடம் 3-2 என்று தோற்றார்கள். அதுவே கடைசித் தோல்வி. அதன் பிறகு 33 ஆட்டங்களில் தோல்வியே இல்லை.

அந்த அணியின் குணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. லீக்கின் 38 ஆட்டங்களில் 13 டிரா. கடைசிக் கணக்கு 79 புள்ளி, ஆர்சனலுக்கு 78. வாங்கிய கோல்கள் 37, ஆர்சனல் வாங்கியதோ வெறும் 17. ஐரோப்பாவில் தகுதிச் சுற்று முதல் இறுதி வரை 13 ஆட்டங்கள்: ஆறு வெற்றி, ஏழு டிரா. குழுச் சுற்றில் பார்சிலோனாவோடு இரண்டு முறை 3-3. பயர்னோடு 2-2, 1-1. குழுவில் வென்றது டென்மார்க்கின் பிரோண்ட்பியை மட்டுமே. முதலிடம் பயர்னுக்குப் போயிற்று. ஆறு குழுக்களில் இரண்டாம் இடம் பிடித்தவர்களில் சிறந்த இருவருக்குக் கால்இறுதி உண்டு என்ற விதி இருந்ததால் உள்ளே வந்தார்கள். போதாததற்கு, அந்த வருடம் இங்கிலாந்தின் நடப்பு சாம்பியன் ஆர்சனல். யுனைடெட் முந்தைய பருவத்தில் இரண்டாவது. நாட்டின் லீக் சாம்பியனாகவோ ஐரோப்பாவின் நடப்பு சாம்பியனாகவோ இல்லாமல் அந்தக் கோப்பையை வென்ற முதல் கிளப் இதுதான். வெல்ல முடியாத நாளில் தோற்காமலாவது வெளியே வருவது என்ற பிடிவாதத்தைத்தான் அந்தப் பருவத்தின் மூலதனமாக நான் பார்க்கிறேன். அது செய்தித் தலைப்புக்கு உதவாத குணம்.

இரண்டாவது கதை ராய் கீன் பற்றியது. டூரினில் யுவென்டஸுக்கு எதிரான அரையிறுதி. பதினோரு நிமிடத்துக்குள் பிலிப்போ இன்சாகி இரண்டு கோல் அடித்துவிட்டார். கேப்டன் கீனுக்கு மஞ்சள் அட்டை. இறுதிப்போட்டியில் ஆட முடியாது. தனக்கில்லாத இறுதிப்போட்டிக்காக அவர் பொங்கி எழுந்து கோல் அடித்து அணியைக் கரையேற்றினார் என்று சொல்வார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் வரிசை தலைகீழ். பெக்கமின் கார்னரைத் தலையால் முட்டி கீன் கோல் போட்டது 24ஆம் நிமிடம். ஸிடானை இடறி மஞ்சள் அட்டை வாங்கியது 33ஆம் நிமிடம். அடுத்த நிமிடமே ட்வைட் யார்க் சமன் செய்தார். மான்செஸ்டரில் நடந்த முதல் ஆட்டம் 1-1. எனவே மொத்தக் கணக்கு சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்டவர்களுக்கே வெற்றி என்ற அப்போதைய விதிப்படி அந்த 2-2 ஒன்றே யுனைடெட்டுக்குப் போதும். மீதி நேரத்தில் கீன் பெரிய ஆட்டம் ஆடினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அட்டைக்குப் பின் அவர் செய்தது மீட்பு வேலை அல்ல, காவல் வேலை. கடைசியில் ஆண்டி கோல் என்ற வீரர் அடித்த மூன்றாவது கோல் கணக்குக்குத் தேவைப்படவே இல்லை. அதே ஆட்டத்தில் மாற்று வீரராக வந்த பால் ஸ்கோல்ஸும் மஞ்சள் அட்டை வாங்கி இறுதிப்போட்டியை இழந்தார். அவருக்கு யாரும் காவியம் பாடவில்லை.

எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியின் மறு ஆட்டத்தையும் இப்படித்தான் ஒரே காட்சியாகச் சுருக்கிவிட்டார்கள்: பாதி மைதானம் தாண்டி ஓடி வந்து ஆர்சனல் தடுப்பாளர்களைக் கடந்து ரையன் கிக்ஸ் அடித்த கோல். கீன் சிவப்பு அட்டை வாங்கிப் போனபின் பத்துப் பேராக ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், இஞ்சுரி டைமில் ஆர்சனலின் டென்னிஸ் பெர்காம்ப் அடித்த பெனால்டியை கோல்கீப்பர் பீட்டர் ஷ்மைக்கேல் தடுக்காமல் போயிருந்தால், கிக்ஸுக்கு ஓடுவதற்குக் கூடுதல் நேரமே இருந்திருக்காது.

“சொந்தப் பள்ளியில் வளர்ந்த பையன்களின் வெற்றி” என்பது பாதி உண்மை. பெக்கம், கிக்ஸ், ஸ்கோல்ஸ், நிக்கி பட், நெவில் சகோதரர்கள் எல்லாம் கிளப்பின் இளைஞர் அணியில் வளர்ந்தவர்களே. ஆனால் அந்தக் கோடையில்தான் யார்க்கை வாங்க 1.26 கோடி பவுண்டு கொடுத்தார்கள். அதுவரை கிளப் கொடுத்திராத தொகை. தடுப்பாளர் யாப் ஸ்டாமுக்கு ஒரு கோடி பவுண்டுக்கு மேல். இறுதிப்போட்டியில் தொடக்கத்திலிருந்து ஆடிய பதினோரு பேரில் கிளப்பில் வளர்ந்தவர்கள் நால்வர். கோல் போட்ட இருவருமே விலைக்கு வந்தவர்கள். ஷெரிங்கம் டாட்டன்ஹாமிலிருந்து, சோல்ஷார் நார்வேயின் மோல்டேயிலிருந்து.

வெறும் அதிர்ஷ்டம் என்பவர்களுக்கு ஒரு பங்கு உண்மையைக் கொடுத்தாக வேண்டும். இறுதிப்போட்டியில் மெஹ்மெட் ஷோல் தூக்கியடித்த பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது, கார்ஸ்டன் யாங்கர் உதைத்தது குறுக்குக் கம்பத்தில். இரண்டில் ஒன்று உள்ளே போயிருந்தால் கதை முடிந்தது. ஆனால் கடைசி நிமிடக் கோல் அவர்களுக்குப் புதிதல்ல. எஃப்.ஏ. கோப்பையில் லிவர்பூலிடம் 1-0 என்று பின்தங்கி, 88ஆம் நிமிடத்தில் யார்க்கும் அதன்பின் சோல்ஷாரும் அடித்து வென்றார்கள். யுவென்டஸோடு முதல் அரையிறுதியில் கிக்ஸ் சமன் செய்ததும் இஞ்சுரி டைமில்தான். அதிர்ஷ்டம் ஒருமுறை வரும். இத்தனை முறை வந்தால் அதில் உடல்தகுதிக்கும், மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஆள் மாற்றிய விதத்துக்கும் பங்கு உண்டு. கட்டுக்கதை போல ஒலித்தாலும் மெய்யான ஒன்று: அந்த இறுதிப்போட்டி நடந்த நாள், கிளப்பின் முதல் ஐரோப்பியக் கோப்பையை 1968இல் வென்று தந்த மேலாளர் மேட் பஸ்பியின் 90ஆவது பிறந்தநாள்.

மூன்று கோப்பையை முதலில் வென்றதும் யுனைடெட் அல்ல. 1967இல் ஸ்காட்லாந்தின் செல்டிக், 1972இல் அயாக்ஸ், 1988இல் பி.எஸ்.வி. எல்லாம் முன்பே செய்தவை. இங்கிலாந்து கிளப்களில் முதல் என்றால் சரி. பயர்னும் அந்த வருடம் இதே மூன்றைத்தான் துரத்தியது. லீக்கை வென்றது, பார்சிலோனாவில் விட்டது, ஜூனில் ஜெர்மன் கோப்பை இறுதியில் வெர்டர் பிரேமனிடம் பெனால்டியில் அதையும் விட்டது.

ஃபெர்குசனின் மிகப் பலமான அணி அதுதான் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அடுத்த பருவத்தில் ஏறக்குறைய அதே ஆட்கள் லீக்கில் 91 புள்ளி எடுத்து, இரண்டாம் இடத்தை விட 18 புள்ளி முன்னால் முடித்தார்கள். ஐரோப்பாவில் ரியல் மாட்ரிட் கால்இறுதியிலேயே அனுப்பிவைத்தது. எஃப்.ஏ. கோப்பையிலோ அவர்கள் ஆடவே இல்லை. பிரேசிலில் நடந்த கிளப் உலகப் போட்டிக்குப் போவதற்காக, கையிலிருந்த கோப்பையைக் காக்கக்கூட இறங்காமல் விலகிக்கொண்டார்கள்.